'வின்டேஜ்' சட்டைக்கு 1,200 ரூபாயா? ஆன்லைன்ல ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!



போன வாரம் நம்ம வீடியோவுக்குக் கீழே, கிருஷ்ணன்கோவில்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற ஒரு தங்கச்சி ஒரு கேள்வி கேட்டிருந்தாங்க. "இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ்ல 1970-கள் காலத்து வின்டேஜ் சம்மர் சட்டைன்னு 1,200 ரூபாய்க்குப் போட்டிருக்காங்க. ஒரே ஒரு பீஸ்தானாம். வீட்ல இருந்து எனக்கு மாசம் 3,000 ரூபாய்தான் வருது. வாங்கலாமா, வேண்டாமா?"

ரொம்ப நேர்மையான கேள்வி. "பழைய துணிக்குப் போய் 1,200 ரூபாயா?"ன்னு சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா பழைய துணி வாங்குறது தப்பான செலவு கிடையாது. நல்ல பழைய பருத்திச் சட்டை, புதுசா வாங்குறதை விட நல்லாவே உழைக்கும். பிரச்சினை என்னன்னா, ஆன்லைன்ல நாம துணிக்கு மட்டும் காசு கொடுக்கலை. அந்தத் துணியோட வயசுக்கும் சேர்த்துக் கொடுக்குறோம். அந்த வயசைச் சொல்றது விக்கிறவர். அதைச் சரிபார்க்க வேண்டியது நீங்க.

அது எப்படின்னு இந்தக் கட்டுரையில ஒவ்வொன்னா பார்ப்போம். கடைசியில ஒரு செக்லிஸ்ட் இருக்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

முதல்ல மூணு வார்த்தைகளைப் பிரிச்சுப் பாருங்க

திரிஃப்ட்: யாரோ போட்டுக் கழிச்ச துணி. போன வருஷம் வாங்கினதா கூட இருக்கலாம். இதோட விலை புதுசை விடக் கம்மியா இருக்கணும், அவ்வளவுதான்.

வின்டேஜ்: இந்த வியாபாரத்துல பொதுவா 20 வருஷத்துக்கு மேல ஆன பொருளைத்தான் வின்டேஜ்னு சொல்லுவாங்க. 100 வருஷம் தாண்டினா ஆன்டிக்.

ரெட்ரோ, வின்டேஜ் ஸ்டைல்: இது புத்தம் புதுத் துணி. டிசைன் மட்டும்தான் பழசு மாதிரி இருக்கும். போன மாசம் தைச்சதா கூட இருக்கலாம்.

போஸ்ட்ல "வின்டேஜ் வைப்", "வின்டேஜ் லுக்"னு எழுதியிருந்தா, அது மூணாவது வகையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவங்க பொய் சொல்லலை. நாமதான் அவசரத்துல "வின்டேஜ்"ங்கிற சொல்லை மட்டும் படிச்சுட்டு "லுக்"கை விட்டுட்டோம்.

ஒரு சொல் விலையை எப்படி மாத்தும்? நம்ம ஊர் கதை ஒன்னு

உலகத்துல வின்டேஜ் கோடைத் துணின்னா சேகரிக்கிறவங்க மறக்காம சொல்ற பெயர்கள்ல ஒன்னு 'மெட்ராஸ் செக்'. அமெரிக்காவுல கோடைக்காலச் சட்டை, அரைக்கால் டிரவுசர், கோட்டுன்னு இதுல எல்லாமே உண்டு. பார்த்தீங்கன்னா உங்களுக்கே சிரிப்பு வரும். நம்ம தாத்தா கட்டின கைலியோட அதே கட்டம்தான்!

இதைப் பத்தி ஜவுளி வட்டாரத்துல பிரபலமா சொல்லப்படுற ஒரு கதை இருக்கு. 1958-ல வில்லியம் ஜேக்கப்சன்ங்கிற அமெரிக்க இறக்குமதி வியாபாரி சென்னைக்கு வந்து, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர்கிட்ட இந்தக் கட்டத் துணியை வாங்கிட்டுப் போறார். பின்னாடி லீலா ஹோட்டல்களை ஆரம்பிச்சாரே, அவரேதான் இந்தக் கிருஷ்ணன் நாயர். நியூயார்க்ல புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில அது உடுப்பா விற்பனைக்கு வருது. ஆனா இதைக் குளிர்ந்த தண்ணியில தனியா அலசணும்ங்கிற விவரம் வாங்கினவங்களுக்குப் போய்ச் சேரலை. மெஷின்ல போட்டாங்க, சாயம் போச்சு, கடைக்குப் புகார் குவிஞ்சுது. அப்போ விளம்பர உலக ஜாம்பவான் டேவிட் ஓகில்வி கொடுத்த யோசனைதான் "சாயம் போகும்னு கேரண்டி". ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மங்கி மங்கிப் புது அழகு வரும்னு சொல்லியே வித்தாங்க. கேட்டு வாங்குற சரக்கா அது மாறிடுச்சு.

துணி அதே துணி. சாயம் போறதும் அதேதான். பெயரை மாத்தினதும் குறை பெருமையா மாறிடுச்சு. இப்போ பேஜ்கள்ல வர்ற "நேச்சுரல் ஃபேட்", "டிஸ்ட்ரெஸ்டு", "லவ்டு பீஸ்"ங்கிற வார்த்தைகளும் இதே வேலையைத்தான் செய்யுது. அதைப் படிக்கும்போது மனசுக்குள்ள "வெளுத்தது", "கிழிஞ்சது", "நைஞ்சது"ன்னு மாத்திப் படிச்சுப் பாருங்க. அப்பவும் அந்த விலை சரின்னு தோணினா, தாராளமா வாங்குங்க.

துணியோட வயசை லேபிள்லயே கண்டுபிடிக்கலாம்

இதுக்கு நிபுணர் யாரும் வேண்டாம். "லேபிளை முன்னாடியும் பின்னாடியும் குளோஸப்ல போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னு மெசேஜ் போடுங்க. வந்ததும் இதையெல்லாம் தேடுங்க:

- ₹ குறியீடு இருக்கா? இந்தக் குறியீட்டை அரசு ஏத்துக்கிட்டதே 2010 ஜூலையிலதான். அதுக்கு முன்னாடி "ரூ" அல்லது ஆங்கிலத்துல அதுக்கான எழுத்துகள்தான். ₹ இருந்தா, அந்தத் துணிக்கு 20 வயசு ஆக 2030 வரணும்.
- ஜிஎஸ்டி எண் இருக்கா? அப்போ 2017 ஜூலைக்குப் பிறகு வந்தது.
- 890-ல ஆரம்பிக்கிற பார்கோடு இருக்கா? இந்திய நிறுவனங்களுக்கு இந்த எண்ணைக் கொடுக்கிற அமைப்பு 1996-லதான் தொடங்குச்சு. "1980-கள் ஒரிஜினல்"னு சொன்னா நம்பாதீங்க.
- "சென்னை"ன்னு முகவரி இருக்கா? அந்தப் பெயர் அதிகாரபூர்வமா வந்தது 1996-ல. "மும்பை"ன்னா 1995.
- ஆறு இலக்க பின்கோடு இருக்கா? 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அச்சடிச்ச லேபிள்.
- "மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது"ன்னு இருக்கா? ரெண்டு ஜெர்மனியும் 1990 அக்டோபர்ல ஒன்னாயிடுச்சு. அதனால இது பழசுங்கிறதுக்கு நல்ல அடையாளம்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஜெர்மனி அடையாளத்தைத் தவிர மத்த எல்லாமே "இந்த வருஷத்துக்கு முந்தினதா இருக்க முடியாது"ன்னு மட்டும்தான் சொல்லும். "மெட்ராஸ்"னு எழுதியிருக்கிறதாலேயே அது பழசுன்னு ஆயிடாது. அந்தப் பெயரை இன்னைக்கும் பிராண்டா வச்சிருக்கிற கம்பெனிகள் உண்டு. லேபிளே இல்லைன்னா, வயசுக்குன்னு தனி விலை கொடுக்காதீங்க. திரிஃப்ட் விலைக்குக் கேளுங்க.

கோடைக்குத்தானே வாங்குறீங்க? அப்போ நூலைக் கேளுங்க

கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஏப்ரல், மே வெயில் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணு முன்னாடி நிக்கும், ஆனா மத்தியானம் பஸ் ஸ்டாண்ட்ல நம்மளால நிக்க முடியாது.

1970-கள் சட்டைன்னதும் பெரிய காலர், பூப்போட்ட டிசைன் ஞாபகம் வரும். ஆனா அந்தக் காலத்து ஃபேஷன் துணியே டெரிலினும் டெரிகாட்டனும்தான். கசங்காது, இஸ்திரி வேண்டாம், சீக்கிரம் காயும்னு நம்ம பெரியவங்க ஆசையா வாங்கிப் போட்டது அதைத்தான். டெரிலின்னா பாலியஸ்டர். அது வியர்வையை உறிஞ்சாது. அம்பது வருஷம் ஆனாலும் சாயம் போகாம பளபளன்னு இருக்கிறதுக்கும், உள்ள காத்து போகாம நாம அவிஞ்சு போறதுக்கும் அதே நூல்தான் காரணம்.

அதனால "ஃபேப்ரிக் என்ன?"ன்னு கண்டிப்பா கேளுங்க. பருத்தி, லினன், ரேயான்னா கோடைக்கு ஓகே. "சாஃப்ட் மெட்டீரியல்", "சில்க்கி ஃபீல்"னு பதில் வந்தா பாலியஸ்டரா இருக்கலாம்னு வச்சுக்கோங்க. பார்சல் வந்த பிறகு சந்தேகம் இருந்தா, உள்தையல்ல ஒரே ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவுற தொட்டி மேல வச்சு, இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. பருத்தி, காகிதம் எரியிற வாசத்தோட சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான சின்ன மணி மாதிரி சுருண்டுக்கும்.

அளவு விஷயத்துல இன்னொன்னு. பழைய சட்டையில 'எம்', 'எல்'னு இருக்கிற எழுத்தை நம்பாதீங்க. அந்தக் கால அளவு வேற, பல சலவையில சுருங்கியும் இருக்கும். உங்களுக்குச் சரியா இருக்கிற ஒரு சட்டையைத் தரையில விரிச்சு அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், நீளம்னு மூணையும் இன்ச் டேப்ல அளந்து போன்ல சேமிச்சு வச்சுக்கோங்க. விக்கிறவர்கிட்டயும் டேப் வச்சு எடுத்த போட்டோவைக் கேளுங்க.

இப்போ அந்த 1,200 ரூபாய்க் கணக்கு

கூரியர் 100 ரூபாய், சலவைக்கும் டெய்லர்கிட்ட பிடிச்சுத் தைக்கவும் 150 ரூபாய்னு வச்சுப்போம். மொத்தம் 1,450. அந்தத் தங்கச்சியோட மாசப் பணத்துல இது கிட்டத்தட்ட பாதி.

மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் வாரம் ஒரு தடவை போட்டா சுமார் 16 தடவை. ரெண்டு கோடை தாங்கினா 32 தடவை. 1,450-ஐ 32-ஆல வகுத்தா, ஒரு தடவை போடுறதுக்கு 45 ரூபாய். அதே சமயம் 700 ரூபாய்க்கு ஒரு புதுப் பருத்திச் சட்டை எடுத்து, வருஷம் முழுக்க மாத்தி மாத்தி 60 தடவை போட்டா, ஒரு தடவைக்கு 12 ரூபாய்கூட வராது.

இது இன்னும் முழுக் கணக்கு இல்லை. "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்"னு போட்டிருக்காங்களே, அதுக்கும் ஒரு விலை இருக்கு. இப்படி வாங்குற நாலு சட்டையில ஒன்னு அளவு சரியில்லாம பீரோவுலயே தூங்கப் போகுதுன்னு வச்சுக்கோங்க. நாலுக்கும் சேர்த்து 5,800 கொடுத்து, போடுறது மூணுதான். அப்போ ஒரு சட்டையோட உண்மையான விலை 1,933 ரூபாய். திருப்பி எடுத்துக்கிற கடையில அதே சட்டை 1,500-ன்னாலும் அதுதான் மலிவு.

என் பதில் இதுதான்: லேபிள் போட்டோ, துணி விவரம், டேப் அளவு மூணும் வந்து, மூணும் சரியா இருந்து, ரெண்டு மாசமா சேர்த்து வச்ச காசுல வாங்குறதா இருந்தா வாங்கலாம். மெஸ் பில்லுக்கு வச்சிருக்கிற காசுல வேண்டாம்மா. "ஒரே பீஸ்தான், இப்பவே டிஎம் பண்ணுங்க"ங்கிறது உங்களை யோசிக்க விடாம இருக்கத்தான். 48 மணி நேரம் தள்ளிப் போடுங்க. வித்துப் போச்சுன்னா போகட்டும், 1,450 ரூபாய் உங்ககிட்ட இருக்கு.

கண்ணாடி, வாட்ச் வாங்குறீங்களா?

கூலிங் கிளாஸ்: ரே-பான் பிராண்டை பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் 1999-ல இத்தாலியோட லக்ஸோட்டிகாவுக்கு வித்துடுச்சு. அதனாலதான் "பாஷ் அண்ட் லாம்ப் காலத்து ஒரிஜினல்"னு சொன்னா விலை ஏறுது. லென்ஸ் ஓரத்துல பொறிச்சிருக்கிற எழுத்தை மட்டும் நம்பாதீங்க, அதைப் போலியாவும் பொறிக்கலாம். அதை விட முக்கியம் உங்க கண்ணு. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாததை விட மோசம். இருட்டுக்குக் கண்மணி விரியும், கதிர் கூடுதலா உள்ள போகும். பெரிய கண்ணாடிக் கடைகள்ல யூவி மீட்டர் வச்சிருப்பாங்க. ஒரு தடவை சோதிச்சுட்டுப் போடுங்க.

எச்எம்டி வாட்ச்: ஜப்பானோட சிட்டிசன் நிறுவனத்தோட கூட்டுல 1961-ல ஆரம்பிச்சது. எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில முடிவெடுத்துச்சு. அதுக்கப்புறம் பழைய ஜனதா, பைலட் வாட்சுக்கெல்லாம் ஆன்லைன்ல மவுசு கூடிடுச்சு. பழைய மெஷினுக்கு மேல புதுசா பெயிண்ட் அடிச்ச டயலை மாட்டி "ஒரிஜினல் வின்டேஜ்"னு விக்கிறதும் கூடவே வந்துடுச்சு. 40 வருஷ வாட்ச்ல டயல் மட்டும் கண்ணைப் பறிக்கிற நிறத்துல புத்தம் புதுசா இருந்தா, பின்மூடியைத் திறந்து மெஷின் போட்டோ அனுப்பச் சொல்லுங்க. சர்வீஸ் செலவையும் விலையில சேர்த்துக் கணக்குப் போடுங்க.

காசு கொடுக்கும்போது உஷார்

1. யூபிஐல அனுப்பும்போது திரையில வர்ற பெயரும் பேஜ் நடத்துறவர் சொன்ன பெயரும் ஒன்னான்னு பாருங்க. சம்பந்தமே இல்லாத பெயர் வந்தா நிறுத்திடுங்க.
2. பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்லை. "ரீஃபண்ட் அனுப்புறோம், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னா அது மோசடி.
3. "ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா"ன்னு தனியா கேட்டா, ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்க. பதிவு பண்ணாத வியாபாரி ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது.
4. பார்சலைப் பிரிக்கிறதை முகவரி ஸ்டிக்கர்ல இருந்து ஆரம்பிச்சு, வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க.
5. வெளிநாட்டுத் தளத்துல வாங்கினா சுங்க வரி, கூரியர் கம்பெனி கட்டணம், கார்டோட அந்நியச் செலாவணிக் கட்டணம் மூணும் மேல வரும். அதையெல்லாம் சேர்த்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

பணம் போயிடுச்சா? ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம 1930-க்குப் போன் பண்ணுங்க. பொருள் வந்துச்சு, ஆனா சொன்னது ஒன்னு அனுப்பினது ஒன்னுன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"நோ ரிட்டர்ன்னு முதல்லயே சொல்லிட்டோமே"ன்னு பேஜ்காரங்க சொல்லுவாங்க. 2020-ல வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, பொருள் பழுதானதாவோ, போலியாவோ, விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லாததாவோ இருந்தா, விக்கிறவர் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. யாரோ ஒருத்தர் தன்னோட சொந்தச் சட்டையை எப்பவோ ஒரு தடவை விக்கிறதுக்கு இது பொருந்தாது. தொடர்ந்து வியாபாரமா பண்றவங்களுக்குத்தான். அதே மாதிரி, "பிடிக்கலை", "கலர் எடுப்பா இல்லை"ங்கிற காரணங்களுக்கும் இது உதவாது. அதனாலதான் "1970-கள், தூய பருத்தி"ன்னு அவங்க எழுதின மெசேஜையும் போஸ்ட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்றேன். நாளைக்கு அதுதான் ஆதாரம்.

விக்கிறவர் டெல்லியில இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர்லதான். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பாட்டியோட டிரங்குப் பெட்டியைத் திறங்க

உண்மையான வின்டேஜ் கோடைத் துணி, வயசுக்குச் சாட்சியோட, டெலிவரி சார்ஜ் இல்லாமக் கிடைக்கிற இடம் ஒன்னு இருக்கு. அது உங்க வீடு. "இது உங்க அம்மா பிறந்தப்ப எடுத்தது"ன்னு பாட்டி சொல்ற சுங்குடிச் சேலைக்கு எந்த லேபிளும் தேவையில்லை.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. நிஜச் சுங்குடியில புள்ளி ஒவ்வொன்னையும் நூலால முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்குவாங்க. அதனால புள்ளிகள் ஒரே அளவா இருக்காது, முடிச்சு இருந்த இடம் லேசா சுருங்கியிருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சு வார்த்த மாதிரி ஒன்னா, தட்டையா இருந்தா அது பிரிண்ட். ஆன்லைன்ல "வின்டேஜ் சுங்குடி" பார்த்தாலும் இதே சோதனைதான்.

பழைய சேலையைச் சட்டையாவோ குர்தாவாவோ தைக்கக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. கொசுவம் வர்ற இடமும் உட்கார்ற இடமும்தான் முதல்ல நையும். ரெண்டு கையாலயும் மெதுவா இழுத்தா நூல் விலகுதுன்னா அந்தப் பகுதியை விட்டுடுங்க. முந்தானைப் பக்கம் பெரும்பாலும் கெட்டியா இருக்கும். டெய்லர் கூலியை முன்னாடியே பேசிடுங்க. பாட்டிகிட்ட கேட்டுட்டு வெட்டுங்க, அதை மறந்துடாதீங்க!

வீட்ல இல்லைன்னாலும் பரவாயில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கத்துலயே இருக்கிற சுந்தரபாண்டியம் கைத்தறிப் பருத்திச் சேலைக்குப் பேர் போன ஊர். ராஜபாளையத்துல ரொம்பக் காலமாவே நூற்பாலை இருக்கு. சத்திரப்பட்டியில மருத்துவமனைக்குப் போற பேண்டேஜ் துணி நெய்யுறாங்க. நூல்லயே வாழ்ற ஊர்கள்ல உட்கார்ந்துக்கிட்டு, யாருன்னே தெரியாத ஒருத்தர்கிட்ட டெரிலினுக்கு 1,200 கொடுக்கணுமான்னு ஒரு தடவை யோசிங்க. இன்னைக்கு ஒரு நல்ல கைத்தறி எடுத்தா, 20 வருஷம் கழிச்சு அதுவே வின்டேஜ். கைத்தறி முத்திரை இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. கோ-ஆப்டெக்ஸுக்கு ஆன்லைன் கடையும் இருக்கு.

ஸ்கிரீன்ஷாட் செக்லிஸ்ட்

✅ வின்டேஜா, வின்டேஜ் "லுக்"கா?
✅ லேபிள் போட்டோ: ₹, ஜிஎஸ்டி எண், 890 பார்கோடு இருக்கா?
✅ என்ன நூல்? பருத்தியா, பாலியஸ்டரா?
✅ டேப் வச்சு எடுத்த அளவு போட்டோ வந்துச்சா?
✅ கூரியர், சலவை, டெய்லர் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை தடவை போடுவேன்?
✅ ரிட்டர்ன் உண்டா? இல்லைன்னா விலையைக் குறைச்சுக் கேட்டேனா?
✅ சொன்ன வார்த்தைக்கெல்லாம் ஸ்கிரீன்ஷாட் இருக்கா?
✅ 48 மணி நேரம் ஆச்சா?

எட்டுக்கும் திருப்தியான பதில் கிடைச்சா சந்தோஷமா வாங்கிப் போடுங்க. வந்ததும் தனியா நல்லா அலசி, வெயில்ல காயப்போட்டுட்டுப் போடுங்க. காயப்போடுறதுக்கு நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?

உங்க வீட்டுப் பீரோவுல இருக்கிற ரொம்பப் பழைய துணி எது, அது எந்த வருஷத்துதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.